பழி சுமந்த வணிகர் இருவர்

கொச்சியில் வாழும் தமிழர்க்குச் சிலப்பதிகாரம் தொலைவிலுள்ள நூல் அன்று. சேர மரபில் வந்தவர் என்று போற்றப்பெறும் இளங்கோவடிகளின் காப்பியம் அது. இடக்கொச்சியிலிருந்து காலையில் புறப்படுவோர் முற்பகலுக்குள் சென்றடையக்கூடிய கொடுங்கல்லூரில் எழுந்தருளியிருக்கும் பகவதி, கண்ணகியே என்பது மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை. பாண்டியன் அவையில் கண்ணகி வழக்குரைத்ததை நாம் மேடைதோறும் பேசுகிறோம், மலர்தோறும் எழுதுகிறோம். ஆயின் அவ்வழக்கில் குற்றம் சாட்டப்பெற்றவனாகிய கோவலன் ஒரு சொல்லும் தனக்காக உரைத்தானில்லை. உரைப்பதற்கு அவனுக்கு நேரம் அளிக்கப்படவில்லை.

நகையொன்று காரணமாகப் பொய்ப்பழி சுமந்து கொலைக்களம் சென்ற வணிகன் மற்றொருவனும் நம் நாட்டு இலக்கியத்தில் உளன். அவன் கதையோ காதலும் களவும் நகைச்சுவையும் கலந்த இன்பியல் நாடகமாக அமைந்தது. சூத்திரகன் இயற்றிய வடமொழி மிருச்சகடிகத்தின் தலைவனாகிய சாருதத்தனே அவன். ஏறத்தாழ ஒரே நிலையிலுள்ள இருவரில் ஒருவன் மாண்டதும் ஒருவன் மீண்டதும் எதனால் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாராய்ச்சி இன்பியலுக்கும் துன்பியலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதோடு, நம் அன்றாட வாழ்வுக்கும் ஒரு செய்தியைத் தருகிறது என்பது என் துணிபு.

நூலும் அதன் வழியும்

சாருதத்தன் கதையை இரண்டு நாடகங்களில் காண்கிறோம். ஒன்று பாசன் பெயரால் வழங்கும் 'சாருதத்தம்'. நான்கு அங்கங்களை உடையது. மற்றொன்று பத்து அங்கங்களையுடைய மிருச்சகடிகம். பாசனுடைய நாடகங்கள் எனப்படும் பதின்மூன்றும் நெடுங்காலம் மறைந்திருந்து, திருவிதாங்கூர் நாட்டு ஏட்டுச் சுவடிகளினின்று வெளிப்பட்டவை. 1912 முதல் அவற்றைத் திருவனந்தபுரத்தில் அச்சேற்றியவர் மகாமகோபாத்தியாய த. கணபதி சாஸ்திரியார். கூடியாட்டக் கலைஞர்கள் வழிவழியாகப் போற்றி வந்த இம்மண்ணிலேயே அச்சுவடிகள் கிடைத்தன என்பது கேரளத்தில் வாழும் நமக்கு மகிழ்ச்சி தருவதொன்று.

இவ்விரு நாடகங்களையும் ஒப்பிடுவார்க்கு ஓர் உண்மை புலப்படும். காதலும், நகை அடைக்கலமும், அந்நகை களவு போதலும் பாசனிடத்தே உண்டு. கொலைப்பழியும், நீதிமன்ற விசாரணையும், கொலைக்களக் காட்சியும் மிருச்சகடிகத்திலேயே உள்ளன. எனவே பழி சுமந்த காதலனின் கதை என்ற முறையில் இந்நாடகத்தை நோக்கின், அதன் உயிர்நிலை சூத்திரகன் கையால் நமக்குக் கிடைத்தது எனலாம்.

இதனைத் தமிழுக்குத் தந்தவர் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் (1881-1953). மகிபாலன்பட்டியில் தோன்றி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த அப்பெருமகனார் இட்ட பெயர் 'மண்ணியற் சிறுதேர்' என்பது. மண்ணாலியன்ற சிறு வண்டி என்பதே வடமொழிப் பெயரின் பொருள். அதனை வண்டி என்னாது சிறுதேர் என்றதில் ஒரு நயம் உண்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவம் சிறுதேர்ப் பருவம். சிறுதேர் என்ற சொல்லைக் கேட்ட அளவில் தமிழன் மனத்தில் தோன்றுவது அதனை உருட்டும் குழந்தையே. நாடகத்தின் மையம் கொலையும் அன்று, களவும் அன்று. ஒரு குழந்தையின் அழுகையே என்பதை மொழிபெயர்ப்பாளர் பெயரிலேயே உணர்த்திவிட்டார்.

இன்னும் ஒன்று நினைவுக்கு வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு காட்சியைக் காட்டுகிறார். உலரும் நெல்லைக் கொத்தவரும் கோழியை ஓட்ட மகளிர் தம் பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். அது கிடக்கும் முற்றத்தில், சிறுவர் குதிரையின்றி உருட்டிவரும் மூன்றுகால் சிறுதேர் அக்குழை தடுத்து நின்றுவிடுகிறது. கோவலன் பிறந்த ஊரின் செல்வச் சிறப்பு அது. அங்கே பொன், சிறுதேரின் வழியைத் தடுத்தது. உச்சயினியிலோ சிறுதேரில் இட்ட பொன், ஒருவனுடைய உயிர் செல்லும் வழியையே தடுத்தது.

கதைப் பின்னல்

சாருதத்தன் பிறப்பால் அந்தணன், குடித்தொழிலால் வணிகன். ஈகையாலேயே வறியவனானவன். அவன்பால் உச்சயினியின் சிறந்த கணிகையாகிய வசந்தசேனை காதல் கொள்கிறாள். அவளை அடைய விரும்பித் துரத்துபவன் அரசன் பாலகனின் மைத்துனன். சகரத்தைச் சரியாக ஒலிக்கமாட்டாத அவனைச் சகாரன் என்றே வழங்குவர். அவனிடமிருந்து தப்பிச் சாருதத்தன் இல்லத்துள் புகும் வசந்தசேனை, மீண்டும் அங்கு வருவதற்கொரு காரணம் வேண்டித் தன் நகைகளை அடைக்கலமாக வைத்துச் செல்கிறாள்.

அந்நகைகளைச் சருவிலகன் என்னும் அந்தணன் கன்னமிட்டுத் திருடுகிறான். தன் காதலியும் வசந்தசேனையின் பணிப்பெண்ணுமாகிய மதனிகையை அடிமையினின்று மீட்கப் பொருள் வேண்டியே அவன் அவ்வாறு செய்கிறான். முப்புரிநூலைக் கழற்றிச் சுவரை அளக்கும் அவன் செயல் நகைப்பை விளைவிக்கிறது. காலையில் சாருதத்தனுக்கு நேர்ந்த கவலையோ நகைப்புக்குரியதன்று. பொருள் போயிற்றே என்பதன்று அவன் வருத்தம். வறியவன் அடைக்கலப் பொருளைத் தானே கவர்ந்துகொண்டான் என்று உலகம் கூறுமே என்பது. அப்போது அவன் மனைவி தூதை தன் இரத்தினமாலையைக் கொடுத்தனுப்பி அவன் மானத்தைக் காக்கிறாள். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகும் ஏலமும் விற்பாரிடம் கேட்டால் இவ்விடத்தின் பொருள் எளிதில் விளங்கும். வணிகனுக்கு முதல் என்பது பணம் அன்று. பிறர் அவன்மேல் வைத்த நம்பிக்கையே.

ஆறாம் அங்கத்தில் சிறுதேர் வருகிறது. அயல்வீட்டுச் சிறுவனின் பொன்வண்டியோடு விளையாடிய சாருதத்தன் மகன் உரோகசேனன், தனக்கு வாய்த்த மண்வண்டி வேண்டா என்று அழுகிறான். இவளும் உனக்குத் தாயே என்று வசந்தசேனையைக் காட்டியபோது, தாயாயின் இத்தனை நகைகள் ஏன் என்று அவன் கேட்கிறான். அவள் கண்ணீர் மல்கத் தன் நகைகளைக் களைந்து, பொன்வண்டி செய்துகொள் என்று மண்வண்டியை நிரப்புகிறாள். அந்நாடகத்தில் இதனினும் தூய செயல் பிறிதில்லை. அச்செயலே பின்னர்ச் சாருதத்தனுக்கு எதிரான பெருஞ்சான்றாக மாறுகிறது.

அன்றே வண்டி மாறி ஏறிய வசந்தசேனை சகாரன் கையில் சிக்குகிறாள். இணங்காத அவள் கழுத்தை நெரித்து, இறந்தாள் என்று எண்ணிச் சருகால் மூடிவிட்டு, கொன்றவன் சாருதத்தன் என்று அவன் நீதிமன்றம் ஏறுகிறான்.

ஒப்புமைகள்

இக்கதையைக் கோவலன் கதையோடு வைத்து நோக்குங்கால் ஒப்புமைகள் வியப்பளிக்கின்றன. சாருதத்தன், வணிகச் சாத்தை நடத்தும் சார்த்தவாகர் குடியினன். கோவலன் தந்தையின் பெயர் மாசாத்துவான். சாத்து என்பதும் அதே வணிகக் கூட்டமே. இருவரும் செல்வம் இழந்தவர். இருவர் வாழ்விலும் கற்புடைய மனைவி ஒருத்தியும் கலையில் வல்ல கணிகை ஒருத்தியும் உளர். இருவர்க்கும் மனைவியர் தம் அணியைக் கழற்றித் தருகின்றனர். இருவர் கதையிலும் நகையே பழிக்குக் காரணம். இருவர் மீதும் பழி சுமத்துபவன் உண்மைக் குற்றவாளியே. கோப்பெருந்தேவியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன் கோவலனைக் கள்வன் என்றான். கழுத்தை நெரித்த சகாரன் சாருதத்தனைக் கொலைஞன் என்றான்.

களவைப் பற்றிய நூலறிவு இரண்டிடத்தும் பேசப்படுவதும் குறிக்கத்தக்கது. சருவிலகன் தன் கன்னக்கோல் தொழிலை ஒரு சாத்திரமாகவே விரித்துரைத்து முருகவேளை வணங்குகிறான். மதுரைப் பொற்கொல்லனும் மந்திரம், தெய்வம், மருந்து முதலாகக் கள்வர்க்குரிய துணைகள் எட்டினை வகைப்படுத்திக் கூறுகிறான். ஆயின் உச்சயினியில் அவ்வறிவு கள்வன் வாயிலாக வெளிப்பட்டு நம்மைச் சிரிக்க வைக்கிறது. மதுரையில் அதே அறிவு கள்வனல்லாதவனைக் கொல்லும் கருவியாகிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் நகையையும் மற்றோரிடத்தில் அச்சத்தையும் பயப்பதை இங்குக் காண்கிறோம்.

இவ்வொப்புமைகளைக் கொண்டு ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுந்தது என்று நான் கூற முன்வரவில்லை. வணிகமும் நகரமும் வளர்ந்த காலத்தில் ஒத்த வாழ்வு ஒத்த கதைகளைத் தோற்றுவித்திருக்கலாம். ஒற்றுமையைக் காட்டிலும் வேற்றுமையே நமக்குப் பெரிதும் பயன்படும்.

சிரிக்கவைக்கும் கொடியவன்

சகாரன் முதல் அங்கத்தில் தோன்றும்போது அவையோர் சிரிப்பர். பாரதத்துப் பெண்டிரை இராமாயணத்து ஆடவரோடு இணைத்து உவமை கூறும் அறிவு அவனுடையது. அவன் பேசுவது பிழை, நினைப்பது பிழை, தன்னைப் பற்றி அவன் கொண்ட மதிப்பு மிகப் பெரும்பிழை. இத்தகைய பேதையால் யாருக்கு என்ன தீங்கு நேரும் என்று எண்ணியிருக்கிறோம்.

எட்டாம் அங்கத்தில் அவனே கொலை செய்யத் துணிகிறான். தன் விடனை ஏவுகிறான், அவன் மறுக்கிறான். தன் அடிமையாகிய தாவரகனை ஏவுகிறான்; என் உடல் உமக்கு உரியது, என் ஒழுக்கம் உமக்கு உரியதன்று என்னும் கருத்துப்பட அவனும் மறுக்கிறான். பின்னர்த் தானே செய்கிறான். பேதைமை மாறவில்லை, அதனோடு அதிகாரம் சேர்ந்துகொண்டது. அவ்வளவே. நகைச்சுவை மாந்தன் ஒருவனை, அவன் இயல்பு சிறிதும் திரியாமலே, அச்சத்துக்கு உரியவனாகக் காட்டிய திறத்தில் சூத்திரகனுக்கு ஒப்பாவார் சிலரே. 1984இல் கிரீஷ் கர்னாட் இக்கதையை 'உத்சவ்' என்னும் இந்தித் திரைப்படமாக ஆக்கியபோது சகாரனாக நடித்தவர் சசி கபூர். அப்படத்தில் இளமையும் காதலும் ஒளிர்ந்தன. ஆயின் நாடகத்தைப் படிப்பவர் மனத்தில் அதனினும் ஆழமாகப் பதிவது ஒன்பதாம் அங்கத்து நீதிமன்றமே.

அறங்கூறவையம்

ஒன்பதாம் அங்கத்தைச் சூத்திரகன் அவசரமின்றி எழுதியிருக்கிறான். அவையில் நீதிபதி இருக்கிறார். வணிகர் தலைவர் இருக்கிறார். எழுதுவதற்குக் காயத்தன் இருக்கிறான். முறையில் குறைவொன்றும் இல்லை. நீதிபதி நல்லவர், சாருதத்தனின் பண்பை நன்கு அறிந்தவர். சகாரனுடைய வழக்கை இன்று எடுக்க இயலாது என்றுதான் அவர் முதலில் சொல்லியனுப்புகிறார். அரசனிடம் கூறி வேறொரு நீதிபதியை அமர்த்துவேன் என்று அவன் மிரட்டியவுடன் வழக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அந்நல்லவரின் முதல் தளர்ச்சி அது. அரசுப்பணியில் இருப்போர்க்கு இவ்விடத்தை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

சான்றுகள் ஒவ்வொன்றாக வருகின்றன. வசந்தசேனையின் தாய், மகள் சாருதத்தன் இல்லம் சென்றதைக் கூறுகிறாள், உண்மை. காவலன் வீரகன், தன்னை உதைத்த மற்றொரு காவலன்மேல் முறையிட வந்தவன், வசந்தசேனை சாருதத்தன் வண்டியில் பூஞ்சோலைக்குச் செல்வதாகத் தான் கேள்வியுற்றதைக் கூறுகிறான். அவன் கேட்டதும் உண்மை. சோலையில் பெண்ணொருத்தியின் உடற்சிதைவு கிடக்கிறது, அதுவும் உண்மை. இறுதியில் சாருதத்தன் நண்பன் மைத்திரேயன், மண்வண்டியில் இட்ட நகைகளைத் திருப்பித்தர எடுத்துச் சென்றவன், செய்தி கேட்டு அவைக்கு ஓடிவந்து சகாரனோடு கைகலக்க, நகைகள் அவன் கக்கத்தினின்று விழுகின்றன. சகாரனை ஒழிய அவையில் எவரும் பொய் கூறவில்லை. மெய்களெல்லாம் சேர்ந்து ஒரு பொய்யை நிலைநாட்டிவிட்டன. சூழ்நிலைச் சான்றின் வலிவும் குறையும் இங்கு விளக்கப்பட்ட அளவுக்குப் பிறிதொரு பழைய நூலில் விளக்கப்பட்டதை நான் கண்டதில்லை.

அந்நகைகள் உன் மகளுடையவையா என்று தாயைக் கேட்கின்றனர். ஒத்திருக்கின்றன, ஆயினும் அவையல்ல என்கிறாள் அவள். மகளைக் கொன்றான் என்று சொல்லப்படுபவனையே தாய் காக்க முயல்கிறாள். சாருதத்தனோ அவை அவளுடையவையே என்று ஒப்புக்கொள்கிறான். அவை எவ்வாறு வந்தன என்பதை முழுதும் எடுத்துரைக்க நாணமும் துயரமும் அவனைத் தடுக்கின்றன. வசந்தசேனை இல்லாத உலகில் வாழ்வதிலும் அவனுக்கு விருப்பமில்லை. பொய் கூறியிருப்பின் பிழைத்திருப்பான். மெய்யைப் பாதியளவே கூறியதால் குற்றவாளியானான்.

நீதிபதி, மனுவின் முறைப்படி அந்தணனைக் கொல்லுதல் தகாது. நாடு கடத்துக என்று பரிந்துரைக்கிறார். அரசன் பாலகன் கொலைத்தண்டம் விதிக்கிறான். இங்கும் அரசன் குற்றம் சாட்டப்பெற்றவனின் முகத்தைப் பார்த்தானில்லை. பாண்டியன் நெடுஞ்செழியன், தேவியின் ஊடலைத் தீர்க்க விரையும் வழியில் ஒரு சொல்லில் ஆணையிட்டான். பாலகன் அவை முறைகள் அனைத்தும் நிறைவேறிய பின் ஆணையிட்டான். முடிவு ஒன்றே. விசாரணையே இல்லாமையால் மதுரையில் அறம் பிழைத்தது. விசாரணை இருந்தும் உச்சயினியில் அறம் பிழைத்தது. ஆராய்ந்து முறைசெய்க என்னும் வள்ளுவர், ஆராய்வார்க்கு நடுவுநிலைமையும் அஞ்சாமையும் ஏன் வேண்டினார் என்பது இவ்விரண்டையும் ஒருங்கே படிப்பார்க்கே நன்கு விளங்கும்.

இவ்வங்கத்தில் சிறு நிகழ்ச்சியொன்று உண்டு. சகாரன் பேசத் தொடங்கும்போதே, கொலை நடந்தது என்னால் அன்று என்று வாய்தவறிக் கூறிவிடுகிறான். யாரும் கேளாத கேள்விக்கு விடை அது. அச்சொல்லை எழுதுக என்று நீதிபதி பணிக்கிறார், காயத்தன் எழுதுகிறான். தன் பிழையை உணர்ந்த சகாரன், வேறொன்று கூறிச் சமாளித்துக்கொண்டே, எழுதியதைக் காலால் துடைத்து அழித்துவிடுகிறான். எவரும் தடுக்கவில்லை. வழக்கை முடித்திருக்கக்கூடிய ஒரே வரி அது.

பலமுறை படித்தும் இவ்விடத்தை என்னால் எளிதாகக் கடக்க முடிவதில்லை. நானும் எழுத்தர் தொழிலில் இருப்பவன். பல்லாண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நான் பணியாற்றிய அலுவலகத்தில் சிறுதொகை ஒன்று கணக்கில் குறைந்தது. தற்காலிகப் பணியிலிருந்த இளைஞர் ஒருவர்மீது ஐயம் விழுந்தது. ஏறத்தாழ அதே அளவு பணம் அவர் மேசை இழுப்பறையில் இருந்ததே காரணம். அவர் வாக்குமூலத்தைப் பதிவு செய்தவன் நான். தங்கையின் திருமணத்துக்காக உறவினரிடம் வாங்கிய கடன் அது என்று அவர் கூறியதையும் எழுதினேன். மேலே இருந்தவர்க்கு அவ்வரி உகந்ததாக இல்லை. அவ்வரி இல்லாத படியொன்றை எழுதிக் கொடுத்தேன். சில வாரங்களுக்குப் பின், குறைந்த தொகை வேறொரு தலைப்பில் வரவு வைக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. அதற்குள் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவரைத் தேடிச் சென்று சொல்ல யாரும் முற்படவில்லை, நானும் முற்படவில்லை. சகாரன் காலால் செய்ததை நான் கையால் செய்தேன். காயத்தன் தடுக்காமல் இருந்ததை ஒரு நாடகக் குறிப்பாக மட்டும் என்னால் படிக்க இயலாமைக்குக் காரணம் இதுவே.

கொலைக்களத்துத் தயக்கம்

அவ்வாறாயின் சாருதத்தனைக் காத்தது யாது? சட்டம் அன்று, அரசன் அன்று, அவையும் அன்று. பத்தாம் அங்கத்தில் அவனைக் கொலைக்களம் கொண்டு செல்பவர் சண்டாளர் இருவர். ஊரார் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிய அவ்விருவரே அந்நகரில் அவனிடம் இரக்கம் காட்டுகின்றனர். தந்தைக்கு மாறாக என்னைக் கொல்லுங்கள் என்று மன்றாடும் சிறுவனுக்கு அவர்கள் கண் கலங்குகின்றனர். வெட்டும் முறை உன்னுடையதா என்னுடையதா என்று தம்முள் வழக்காடிக் காலம் தாழ்த்துகின்றனர். அவர்களுள் ஒருவன், தன் தந்தை இறக்குங்கால் கூறிய அறிவுரையை எடுத்துரைக்கிறான். கொல்லப்பட வேண்டியவனை விரைந்து கொல்லாதே. எவரேனும் பொருள் கொடுத்து மீட்கலாம். அரசனுக்கு மகன் பிறந்து சிறையோர் விடுதலை பெறலாம். யானை கட்டவிழ்ந்து ஓடலாம். ஆட்சியே மாறலாம் என்பது அவ்வறிவுரையின் சாரம். நகைச்சுவையாகவே அது சொல்லப்படுகிறது. ஆயினும் அந்நாடகத்தில் பேசப்பட்ட நீதிகளுள் தலையாயது அதுவே என்பேன். திருத்த முடியாத செயலை விரைந்து செய்யாதே என்பது அதன் பொருள்.

மதுரையிலும் கொலையாளர் தயங்கினர் என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். கோவலனைக் கண்ட காவலர், இவன் கள்வன் போலத் தோன்றவில்லை, கொல்லப்படத் தக்கவன் அல்லன் என்று கூறுகின்றனர். பொற்கொல்லன் நகைத்துக் களவு நூலை விரித்துரைக்கிறான். வேலேந்திய இளைஞன் ஒருவன், தான் முன்பு கண்ட கள்வனின் திறத்தைக் கூறி, என் செய்வோம் என்று வினவுகிறான். இன்னும் சிறிது நேரம் அப்பேச்சு நீண்டிருப்பின், ஒருவனேனும் கோவலனையே நோக்கி இச்சிலம்பு யாருடையது என்று கேட்டிருப்பின், இடைச்சேரியிலிருந்த கண்ணகியும் மற்றைச் சிலம்பும் வழக்கைத் தீர்த்திருக்கும். அதற்குள் கல்வியறிவில்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிட்டான்.

எனவே இன்பியல் துன்பியல் என்னும் இரண்டுக்கும் இடையே இங்குள்ள தொலைவு மிகச் சிறியது. ஒரு தயக்கம் சிறிது நேரம் நீடித்தது. மற்றொரு தயக்கம் நீடிக்கவில்லை. ஊழ்வினை என்று இளங்கோவடிகள் இதனைக் காண்கிறார். சூத்திரகனும் விதியைக் கிணற்று ஏற்றத்தின் குடங்களாகக் காண்பவனே. ஒன்று நிறைய ஒன்று ஒழியும். ஆயின் விதி வந்து நுழைவதற்கு மனிதர் சிறிது இடம் விடவேண்டும் என்பதை அவன் சண்டாளர் வாயிலாக உணர்த்துகிறான்.

அவ்விடைநேரத்தில் இருவர் வருகின்றனர். முதலில் வருபவன் தாவரகன். மாளிகையின் மேல்தளத்தில் விலங்கிடப்பட்டிருந்த அவன், உயிரைப் பொருட்படுத்தாது கீழே குதித்து வந்து உண்மையைக் கூறுகிறான். அவன் பொன் திருடியதால் அடிபட்டவன், அதனால் பகை கொண்டு பேசுகிறான் என்று சகாரன் ஒரு சொல்லில் அதனை வீழ்த்திவிடுகிறான். அடிமையின் மெய் செல்லாக்காசாகிறது. அடுத்து வருபவர் ஒரு பௌத்தத் துறவி. அவருடன் உயிரோடிருக்கும் வசந்தசேனை. அத்துறவி முன்பு உடல் பிடித்துவிடும் தொழில் செய்து, சூதில் தோற்றுக் கடன்காரரால் அடிக்கப்பட்டவர். வசந்தசேனை தன் காப்பைக் கொடுத்தனுப்பி அவரை அன்று மீட்டாள். சருகின் அடியிலிருந்து அவளை எடுத்து நீர்தந்து பிழைப்பித்தது அந்த நன்றியே. அவளும் நகையைக் கொடுத்தாள். கணக்குப் பாராமல் கொடுத்தாள். சிறுதேரில் இட்ட நகை அவள் காதலனைக் கொலைக்களம் வரை கொண்டுசென்றது. கடனாளிக்கு ஈந்த நகை அவனை அங்கிருந்து மீட்டது.

நாடகத்தின் ஒரு குறை

இந்நாடகத்தில் குறையே இல்லை என்று கூறுதல் திறனாய்வு ஆகாது. தற்செயல்கள் அளவுக்கு மேல் உள்ளன. வண்டி மாறுதலும், வேறொரு பெண்ணின் உடல் கிடைத்தலும், அதே நாளில் ஆரியகன் அரசனாதலும் நம்புதற்கு அரியன. பாலகன் கொல்லப்பட்டு ஆயர் குலத்து ஆரியகன் முடிசூடியவுடன் நல்லோர்க்கெல்லாம் பரிசு கிடைக்கிறது. தாவரகன் விடுதலை பெறுகிறான். வசந்தசேனை குலமகள் என்னும் நிலை எய்துகிறாள். சாருதத்தன் சகாரனையும் மன்னித்து விடுகிறான். ஆயின் பிழையாகத் தீர்ப்பெழுதிய அவை தன் பிழையை உணர்ந்ததாக ஒரு சொல்லும் இல்லை. பாண்டியன் தன் பிழையை உணர்ந்த அளவில் அரியணையிலேயே உயிர்நீத்தான். அவ்வகையில், அறத்தின் வெற்றியைத் துன்பியலாகிய சிலம்பிலேதான் முழுமையாகக் காண்கிறோம். இன்பியல் நாடகம் காதலனை மீட்டுத் தந்தது. அறத்தின் கணக்கை மட்டும் தீர்க்காமல் விட்டுவிட்டது.

முடிவுரை

மண்ணியற் சிறுதேரைத் தமிழர் இன்று மிகுதியாகப் படிப்பதில்லை. பண்டிதமணியின் நடை கடினம் என்று ஒதுக்குவாரும் உளர். சிலப்பதிகாரத்தை ஒரு கையிலும் அதனை மறுகையிலும் வைத்துப் படிப்பார்க்கு அந்நடை தடையாகாது. கொடுங்கல்லூர் செல்லும் வழியில் அமர்ந்திருக்கும் நமக்கு அவ்வாறு படிக்கும் கடமையும் உண்டு. இரண்டு நூல்களும் ஒன்றையொன்று விளக்கும்.

பழி சுமத்துவோர் சிலரே, சுமப்போரும் சிலரே. இடையில் நின்று எழுதுவோரும், அழைத்துச் செல்வோரும், வாளேந்துவோரும், வேடிக்கை பார்ப்போருமே பலர். நம்மில் பெரும்பாலோர் இருக்கும் இடம் அதுவே. அவ்விடத்தில் நிற்பவர் சிறிது தயங்கினால் ஓர் உயிர் பிழைக்கும்; எழுதிய ஒரு வரியை அழிக்க விடாமல் காத்தால் ஒருவனுடைய பெயர் பிழைக்கும். சாருதத்தன் கதை முடியும்போது நாம் மகிழ்ச்சியோடு எழுகிறோம். அழிக்கப்பட்ட அவ்வரியை மட்டும் மீண்டும் எழுதியவர் எவரும் இலர்.